ஸ்ட்ரோட்ஸி மாளிகை: பொறாமையில் கட்டியதா?

வாசகர் ஒருவரின் கேள்வி, பிப்ரவரி 2

ஃப்ளோரன்ஸ் போய்வந்தேன். பலாட்ஸோ ஸ்ட்ரோட்ஸி முன்னால் நின்று வழிகாட்டி சொன்னது: "மெடிச்சி வீட்டைவிட ஒரு முழமாவது பெரிதாக இருக்க வேண்டும் என்ற பொறாமையில் கட்டிய வீடு இது." எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குச் சந்தேகம். உண்மையா, கதையா?

பிப்ரவரி 2, இரவு 11 மணி

பாதி உண்மை. கட்டியவர் ஃபிலிப்போ ஸ்ட்ரோட்ஸி. கடைக்கால் போட்ட நாள் 1489 ஆகஸ்ட் 6. மெடிச்சி மாளிகை அதற்கு 45 ஆண்டு மூத்தது; ஊரைக் கைக்குள் வைத்திருந்த வங்கிக் குடும்பத்தின் தலைவர் கோசிமோ தே மெடிச்சி, மிகெலோட்ஸோ என்ற கட்டடக் கலைஞரை வைத்து 1444-இல் தொடங்கியது. ஸ்ட்ரோட்ஸி மாளிகை அதே அச்சில் வார்த்ததுபோல இருக்கிறது: மூன்று அடுக்கு, நடுவில் முற்றம், முரட்டுக் கல் முகப்பு, மேலே போகப்போகக் கல் வழுவழுப்பாகிறது, உச்சியில் குடை விரித்தாற்போல் கொடுங்கை. அதைப் பார்த்துத்தான் இதைக் கட்டினார்கள். பொறாமை என்ற சொல்தான் உறுத்துகிறது. தூக்கம் வருகிறது, நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 3, காலை

முதலில் ஒரு திருத்தம். மேலே போகப்போகக் கல் வழுவழுப்பாகிறது என்று எழுதியது மெடிச்சி மாளிகைக்குத்தான் பொருந்தும். ஸ்ட்ரோட்ஸியில் புடைப்பு சற்றுக் குறைகிறதே தவிர, உச்சித் தளம்வரை கல் முரடாகவே போகிறது. தூக்கக் கலக்கத்தில் இரண்டையும் குழப்பிவிட்டேன்.

இப்போது, வழிகாட்டிக்குக் கிடைக்காத கதை ஒன்று. அப்போது ஊரில் பட்டம் சூடாத ராஜா லொரென்ஸோ தே மெடிச்சி. அவரை மிஞ்சி வீடு கட்டினால் தலை தப்பாது. அதனால் ஃபிலிப்போ ஒரு நாடகம் ஆடினாராம். "எனக்குப் பிள்ளைகள் நிறைய, ஆடம்பரம் வேண்டாம், கீழே வாடகைக்குக் கடை கட்டிவிட்டு மேலே குடியிருக்கிறேன்" என்று ஊரெல்லாம் புலம்பினார். லொரென்ஸோவுக்கோ நகரம் அழகாக வேண்டும் என்ற ஆசை. வரைபடத்தை வரவழைத்துப் பார்த்து, "கடையா? அசிங்கம். முகப்புக்கு முரட்டுக் கல் போடு" என்று அவரே ஒவ்வொன்றாகக் கூட்டினார். ஃபிலிப்போ "ஐயோ, அவ்வளவு செலவா?" என்று வாயில் கை வைத்துக்கொண்டே சம்மதித்தார். மனதில் நினைத்து வைத்திருந்த வீடு அதிகாரத்தில் இருந்தவரின் வாயாலேயே உத்தரவாக வந்துவிட்டது.

வீட்டில் அம்மா வாயாலேயே "சரி, வாங்கிக்கொள்" என்று சொல்ல வைத்தவர்களுக்கெல்லாம் இந்த வித்தை தெரியும்.

பிப்ரவரி 3, மதியம்

சாப்பிடும்போது யோசித்தேன். காலையில் ருசித்துச் சொன்ன கதையை நானே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

அதை எழுதிவைத்தவர் ஃபிலிப்போவின் மகன், அவர் பெயரும் லொரென்ஸோதான். 1482-இல் பிறந்தவர், அஸ்திவாரம் போட்டபோது ஏழு வயதுப் பையன். எழுதியது பல பத்தாண்டுகள் கழித்து. அதற்குள் இரண்டு குடும்பமும் ரத்தம் சிந்திவிட்டன. "எங்கள் அப்பா உங்கள் லொரென்ஸோவை எப்படி ஏமாற்றினார் பார்த்தீர்களா" என்று சொல்லிக்கொள்ள ஆசை இருந்திருக்கும். கதை பொய் என்று அடித்துச் சொல்லவில்லை. இவ்வளவு நன்றாக இருக்கிற கதையைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 5

கேள்வியை நானே மாற்றிக்கொள்கிறேன். மெடிச்சிமீது பொறாமை என்றால் ஃபிலிப்போ எங்கிருந்து வந்தார் என்று பார்க்க வேண்டாமா? அவர் வெளியூரிலிருந்து வந்தார். சொந்த ஊருக்குள் வெளியூர்க்காரராக.

1434-இல் நாடு கடத்தலிலிருந்து திரும்பிவந்த கோசிமோ, தன் எதிரிகளை ஊரைவிட்டுத் துரத்தினார். ஸ்ட்ரோட்ஸி குடும்பத்தில் பெருந்தலை பல்லா ஸ்ட்ரோட்ஸி போனார். பல்லா அளவுக்குப் பெரிய ஆளல்லாத மத்தேயோ ஸ்ட்ரோட்ஸியும் போனார், பெசாரோ என்ற ஊருக்கு. அங்கே கொள்ளைநோயில் மத்தேயோவும் குழந்தைகள் மூவரும் செத்தார்கள். மிச்சக் குழந்தைகளோடு ஃப்ளோரன்ஸ் திரும்பிய இளம் விதவை அலெஸ்ஸாண்ட்ரா மச்சிங்கி. மூத்த பையன் ஃபிலிப்போ, 1428-இல் பிறந்தவன். கொஞ்சம் வளர்ந்ததும் உறவினரின் வங்கித் தொழிலைக் கற்றுக்கொள்ள வெளிநாடு அனுப்பப்பட்டான், கடைசியில் நேப்பிள்ஸ். 1458-இல் நாடு கடத்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் ஊருக்குள் வரக்கூடாது என்று தடை நீட்டப்பட்டது. அப்பன் செய்த குற்றத்துக்கு மகனுக்கும் தண்டனை.

அந்தத் தாய் எழுதிய கடிதங்கள் எழுபதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. முதல் கடிதம் 1447. மகள் கத்தெரினாவுக்கு மார்கோ பரெந்தி என்ற பட்டு வியாபாரியைப் பேசி முடித்த செய்தி. வரதட்சணை 1,000 ஃபுளோரின். இன்னும் நானூறு ஐநூறு கொடுத்திருந்தால் பெரிய இடத்தில் கொடுத்திருக்கலாம், ஆனால் கையில் இல்லை என்று கணக்கும் எழுதுகிறாள். இந்த வரியைப் படித்தபோது புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். எங்கள் வீட்டிலேயே காதில் விழுந்த கணக்கு அது.

பிறகு மகனுக்குப் பெண் பார்க்கும் படலம். மகன் நேப்பிள்ஸில், வரமுடியாது. அம்மாதான் பார்த்து எழுத வேண்டும். 1465 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிமாரி வீட்டுப் பெண் வழக்கமாக வரும் முதல் பூசைக்கு, அவளைப் பார்க்கவென்றே அலெஸ்ஸாண்ட்ரா போகிறாள். அங்கே வந்திருந்தது தனாலி வீட்டுப் பெண். யாரென்றே தெரியாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பூசை முடியும்வரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வெளியே வரும்போது பின்னாலேயே நடந்து, அதன்பிறகுதான் யார் வீட்டுப் பெண் என்று கண்டுகொண்டாள். இதையெல்லாம் மகனுக்கு வரி விடாமல் எழுதுகிறாள். அந்தச் சம்பந்தம் கூடவில்லை. 1466-இல் தடை நீங்கி ஃபிலிப்போ ஊர் திரும்பி மணந்தது, அந்த ஞாயிறு அவள் பார்க்கப்போன அதிமாரி வீட்டுப் பெண்ணைத்தான், ஃபியமெத்தா.

இடையில் 1459-இல் கடைசி மகன் மத்தேயோ நேப்பிள்ஸில் செத்துப்போனான். முகம் பார்க்கக்கூட முடியவில்லை.

இத்தனை வருடம் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவன், திரும்பி வந்து, சம்பாதித்து, பல வருடங்களாக அக்கம்பக்கத்து மனைகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, ஊர் நடுவே நாலு பக்கமும் தெரியும்படி ஒரே பாறையாக வீடு கட்டினால் அதற்குப் பொறாமை என்றா பெயர்?

பிப்ரவரி 5, இரவு

உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். பொறாமையே இல்லை என்று சொல்லிவிட்டது போல ஒலிக்கிறது. இருந்திருக்கும். மனிதன்தானே.

தாய் அந்த வீட்டைப் பார்க்கவில்லை. 1471-இல் இறந்துவிட்டாள். கடைக்கால் போட அதற்குப்பின் 18 ஆண்டு ஆயிற்று.

பிப்ரவரி 9

ஒருவர் "நாள் பார்த்தா கட்டினார்கள்?" என்று கேலியாகக் கேட்டிருக்கிறார். ஆம், பார்த்துத்தான் கட்டினார்கள். ஜோதிடரிடம் கேட்டு, சூரியன் சிம்மத்தில் இருக்கும் மாதத்தில், விடியற்காலையில். சூரியன் மலைமுகட்டின் மேல் தலைகாட்டும் நொடியில் முதல் கல்லை வைத்ததாக ஃபிலிப்போவே குறித்துவைத்திருக்கிறார். லக்கினமும் சிம்மம். அதே நேரத்தில் ஊரின் சில தேவாலயங்களில் பூசைக்கும் சொல்லிவைத்திருந்தார். ஜோதிடம் ஒரு பக்கம், பூசை இன்னொரு பக்கம். வங்கிக்காரர் முதலீட்டை ஒரே இடத்தில் போடமாட்டார்.

அந்தக் காலை பற்றி எனக்குப் பிடித்த குறிப்பு ஃபிலிப்போவுடையது அல்ல. ட்ரிபால்டோ தே ரோஸ்ஸி என்ற சாதாரண ஃப்ளோரன்ஸ்வாசி தன் நாட்குறிப்பில் எழுதியது. வேடிக்கை பார்க்கப் போனவர், வீட்டிலிருந்து குழந்தைகளை அழைத்துவரச் சொன்னார். மகன் குவார்னியெரிக்கு அப்போதுதான் நாலு வயது நிறைந்திருந்தது. பச்சையும் மஞ்சளும் மின்னும் பட்டில் தைத்த புதுச் சட்டை. அப்பா அவனைத் தூக்கிக் குழிக்குள் எட்டிப் பார்க்க வைத்து, லில்லி முத்திரை போட்ட ஒரு பழைய சில்லறைக் காசைக் கொடுத்து உள்ளே எறியச் சொன்னார். பையன் கையில் வைத்திருந்த சின்ன ரோஜாக் கொத்தையும் போட்டான். "இதை ஞாபகம் வைத்துக்கொள்வாயா?" என்று அப்பா கேட்டார். "வைத்துக்கொள்வேன்" என்றான்.

எதிர்க் கருத்தும் அதே தெருவில் பதிவாகியிருக்கிறது. பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்த லூகா லண்டூச்சி. தெருவெல்லாம் கல்லும் மண்ணும், சரளை சுமந்து வரும் கழுதை, கோவேறு கழுதை, கடைக்குள் தூசி, வேலையைப் பார்க்க வாய்பிளந்து நிற்கும் கூட்டம், வியாபாரம் பாழ். தெருவில் வேலை நடக்கும்போது கடைக்காரர் ஒருவரும் சந்தோஷப்பட்டதாக வரலாறு இல்லை.

பிப்ரவரி 10

கட்டியது யார் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

"பெனெடெட்டோ தா மையானோ" என்று எழுதிவிட்டு அனுப்பப் போனேன். பதினாறாம் நூற்றாண்டில் கலைஞர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதிய வசாரி அப்படித்தான் சொல்கிறார். ஆனால் கணக்குப் புத்தகங்களில், மரத்தால் செய்த மாதிரி வீட்டுக்குக் காசு வாங்கியவர் ஜூலியானோ தா சங்கால்லோ. அந்த மாதிரி இன்றும் இருக்கிறது. வேலையைக் கையில் எடுத்து நடத்தியவர், முற்றத்துக்கும் உச்சிக் கொடுங்கைக்கும் பேர் வாங்கியவர், சிமோனே தெல் பொல்லாயுவோலோ. ஊர் அவருக்கு வைத்த பெயர் இல் க்ரோனாகா: ரோமாபுரியின் பழைய இடிபாடுகளைப் பற்றியே ஓயாமல் பேசுவாராம், நடமாடும் வரலாற்று ஏடு. கொடுங்கையும் ரோமில் அவர் அளந்துவந்த பழங்காலத் துண்டு ஒன்றைப் பார்த்துச் செய்தது என்று வசாரி எழுதுகிறார். அளவை அப்படியே வைக்காமல், இந்தச் சுவருக்குத் தக்கபடி பெருக்கினார். அதுதான் கெட்டிக்காரத்தனம்.

கொடுங்கை முழுவதும் சுற்றி வரவில்லை. பாதியில் நிற்கிறது. ஐந்நூறு வருடமாக யாரும் முடிக்கவில்லை. எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் பதினோரு வருடமாகப் பாதியில் நிற்பதைப் பற்றி இனி யாரும் என்னிடம் பேசக்கூடாது.

பிப்ரவரி 14

இன்று காதலர் தினமாம். நான் காதலிப்பது ஒரு கொல்லனை.

மாளிகையின் மூலைகளில் இரும்பு விளக்குகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சின்னக் கோபுரம் போல, சுற்றிலும் முள் முள்ளாக நீட்டிக்கொண்டு, மழையில் நனைந்த ஏதோ மிருகம் மாதிரி இருக்கும். குதிரை கட்டும் வளையம், தீவட்டிச் செருகும் தாங்கி, எல்லாம் அந்த ஆள் வேலை. பெயர் நிக்கொலோ க்ரோஸ்ஸோ. ஊர் கூப்பிட்ட பெயர் கப்பாரா. கப்பாரா என்றால் அச்சாரம். முன்பணம் வைக்காமல் சுத்தியலைத் தொடமாட்டார்.

வசாரி சொல்வது: கடை வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தார். அதில் கணக்குப் புத்தகங்கள் தீப்பற்றி எரிவதுபோல் படம். யாராவது "அப்புறம் தருகிறேன்" என்றால் பலகையைக் காட்டி, "என் பேரேடு எரிந்துகொண்டிருக்கிறது, புதுக் கடன்காரன் பெயரை எங்கே எழுதுவது?" என்பாராம்.

லொரென்ஸோ தே மெடிச்சியே இரும்புச் சாமான் செய்யச் சொல்லி நேரில் கடைக்கு வந்தபோது, கப்பாரா ஏழைகள் சிலருக்காக ஏதோ அடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் முன்பணம் கொடுத்திருந்தார்கள். "அவர்கள் உங்களுக்கு முன்னால் வந்தவர்கள், காசும் கொடுத்தவர்கள்" என்று சொல்லிவிட்டு வேலையை நிறுத்தவில்லை.

எங்கள் வீட்டுக்கு இரும்புக் கேட் செய்தவர் முழுத் தொகையையும் முதலிலேயே வாங்கிக்கொண்டு நாலு மாதம் அலைய வைத்தார். அச்சாரம் வாங்குவதில் இருவரும் ஒன்று. ஒருவருடைய விளக்கு மட்டும் 500 வருடமாகத் தொங்குகிறது. எங்கள் கேட்டின் கீல் முதல் மழைக்காலத்திலேயே போய்விட்டது.

பிப்ரவரி 15

கேட் செய்தவர் பெயரைக் கேட்டுத் தனிச்செய்தி அனுப்பியவருக்கு: சொல்லமாட்டேன்.

மார்ச் 1

இரண்டு வாரம் வேலை நெருக்கடி. இதற்கிடையே ஒருவர், "மெடிச்சி மாளிகைதான் இன்று பெரிதாக இருக்கிறதே, அப்படியென்றால் ஸ்ட்ரோட்ஸி தோற்றுவிட்டாரா?" என்கிறார். அந்த நீளம் மெடிச்சி போட்டதல்ல. 1659-இல் அதை வாங்கிய ரிக்கார்டி குடும்பம் முகப்பை ஏழு ஜன்னல் அளவுக்கு நீட்டியது. பழைய பத்து ஜன்னல் வீட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். ஃபிலிப்போ 1491 மே 14 அன்று இறந்தார். கல் வைத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. தூசி தின்ற மருந்துக்கடை லண்டூச்சி அன்று எழுதிய குறிப்பில் கோபம் இல்லை. பொருளுக்கு நாம் எஜமானர் என்று நினைக்கிறோம், உண்மையில் பொருள்தான் நமக்கு எஜமானன் என்ற பொருளில் எழுதுகிறார். தெருவுக்கு எதிரே நின்று பார்த்தவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை.

உயிலில் ஃபிலிப்போ பிள்ளைகளுக்குக் கெடு வைத்தார்: ஐந்து ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் பொறுப்பை எடுத்துக்கொள்ள அவர் கேட்டுக்கொண்ட ஆள் யார் தெரியுமா? லொரென்ஸோ தே மெடிச்சி. பொறாமைக் கதைக்கு இது எங்கே பொருந்துகிறது? எதிரியின் கையிலா வீட்டை ஒப்படைப்பார்கள்? லொரென்ஸோவும் மறு ஏப்ரலில் கண்ணை மூடினார், அது வேறு விஷயம்.

வீடு இரண்டாகப் பங்கு. பாதி மூத்த தாரம் ஃபியமெத்தாவின் மகன் அல்ஃபோன்ஸோவுக்கு. மீதிப் பாதி இரண்டாம் தாரம் செல்வாஜாவின் பிள்ளைகளுக்கு. இதனால்தான் வீட்டின் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்கிறது. வாசல்கூட எதிரெதிரே. நான் முதல் முறை முற்றத்தில் நின்றபோது என்ன அழகான சமநிலை, மறுமலர்ச்சிக் காலத்துக் கணிதம் என்று வாய்பிளந்தேன். கணிதம் இருக்கிறது. கூடவே பாகப் பிரிவினையும் இருக்கிறது. இரண்டு தாரத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வளர்ந்த எவரும் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்திருப்பார்கள்.

மார்ச் 1, தொடர்ச்சி

கடைக்குட்டியைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. கல் வைத்த அதே 1489-இல், ஜனவரியில் பிறந்தவன். ஜொவான்னி பத்திஸ்தா என்று பெயர் வைத்தார்கள். அப்பா இறந்ததும் அப்பா பெயரையே அவனுக்கு மாற்றிவைத்தார்கள். வரலாற்றில் இளைய ஃபிலிப்போ ஸ்ட்ரோட்ஸி என்பது இவர்தான்.

இவர் 1508-இல் மணந்தது யாரை? லொரென்ஸோவின் பேத்தி கிளாரிச்சே தே மெடிச்சியை. அப்போது மெடிச்சிகள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டிருந்தார்கள். துரத்தப்பட்டவர் வீட்டில் பெண் எடுத்த குற்றத்துக்கு அபராதம் கட்டினார். அப்பா காலத்தில் ஸ்ட்ரோட்ஸி வெளியே, மெடிச்சி உள்ளே. மகன் காலத்தில் தலைகீழ். பிறகு மெடிச்சிகள் திரும்பினார்கள், இவர் அவர்களுடைய போப்புகளுக்குப் பணம் புரட்டினார், இத்தாலியின் பெரும் செல்வந்தர்களில் ஒருவரானார்.

அலெஸ்ஸாண்ட்ரோ தே மெடிச்சி பிரபுவானதும் 1534-இல் ஊரை அடக்கிவைக்க ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார், ஃபொர்தெட்ஸா தா பாஸ்ஸோ. அதற்குக் கடன் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். பிறகு பகை. அலெஸ்ஸாண்ட்ரோ கொலையுண்டபின் பட்டத்துக்கு வந்த இளைஞன் கோசிமோவை (1434-இல் எதிரிகளைத் துரத்திய கோசிமோ அல்ல, அதே பெயர்) எதிர்த்து இவர் படை திரட்டினார். 1537 ஆகஸ்டில் மொந்தெமுர்லோவில் தோற்றுப் பிடிபட்டார். அடைத்துவைத்த இடம் அந்தக் கோட்டையேதான். தன் பணம் கலந்த சுவருக்குள் ஓராண்டுக்கு மேல் கிடந்து, 1538 டிசம்பரில் இறந்தார். தற்கொலை என்று அறிவித்தார்கள். கொன்றுவிட்டார்கள் என்று நம்பியவர்களும் உண்டு. 

மாளிகையின் கட்டுமானம் முடிந்ததாகச் சொல்லப்படும் ஆண்டும் 1538. வீடும் அந்தப் பிள்ளையும் ஒரே ஆண்டில் தொடங்கி, ஒரே ஆண்டில் முடிந்திருக்கின்றன. எழுதும்போதே, யாரோ கதைக்காகச் செய்த ஏற்பாடு போலிருக்கிறதே என்று ஆண்டுகளை இரண்டு முறை சரிபார்த்தேன்.

மார்ச் 2

"அப்புறம் வீடு மெடிச்சிக்கே போய்விட்டதுதானே?" போனது, ஆனால் நிரந்தரமாக அல்ல. கோசிமோ பறிமுதல் செய்தார். முப்பது ஆண்டு கழித்துத் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் இளைய ஃபிலிப்போவின் மகன் பியெரோ பிரெஞ்சு அரசரிடம் போய்த் தளபதியாகி, 1554-இல் சியேனா பக்கம் அதே கோசிமோவின் படையோடு மோதித் தோற்று, 1558-இல் தியோன்வில் முற்றுகையில் செத்துப்போயிருந்தார். வீடு திரும்பிவந்தபோது, அதற்காக அடித்துக்கொண்ட தலைமுறை பெரும்பாலும் மண்ணுக்குள்.

அதன்பின் 1937வரை ஸ்ட்ரோட்ஸி குடும்பத்து வீடு. 450 ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. இடையில் முப்பதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 20

1937-இல் வாங்கியது அரசு காப்பீட்டு நிறுவனம். பழுதுபார்த்தார்கள், கண்காட்சிக் கூடமாக்கினார்கள். 1940 முதல் வியூஸ்ஸோ நூலகம் இங்கே. அது 1819-இல் ஊரில் தொடங்கிய வாசகசாலை, உள்ளே உட்கார்ந்து பல நாட்டுப் பத்திரிகை படிக்கலாம் என்பதால் வெளிநாட்டு எழுத்தாளர்கள் மொய்த்த இடம்.

1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு கரைபுரண்டது. நூலகத்தின் புத்தகங்களில் பெரும்பகுதி மாளிகையின் கீழ்த்தளத்தில் இருந்தது. இரண்டரை லட்சம் நூல்கள் சேற்றில். கல் மாளிகைக்கு ஒன்றும் ஆகவில்லை, காகிதம்தான் போனது. வந்த வெள்ளத்தில் எண்ணெயும் கலந்திருந்தது, எரிபொருள் தொட்டிகள் உடைந்ததால். அந்தச் சேற்றிலிருந்து ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்து மீட்டெடுக்கப் பல பத்தாண்டு ஆயிற்று.

2006 முதல் ஓர் அறக்கட்டளை கண்காட்சிகளை நடத்துகிறது. அதில் மூன்றைச் சொல்கிறேன். 2016-இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய், அகதிகள் கடல் கடக்கும் ஆரஞ்சு நிற ரப்பர் படகுகள் 22-ஐ ஜன்னல்களைச் சுற்றி மாட்டினார். ஊர்க்காரர்கள் சிலர் கொதித்தார்கள், மாளிகையின் மானம் போயிற்று என்று. நாடு கடத்தப்பட்டவனின் மகன் கட்டிய வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான மாலை எனக்குத் தோன்றவில்லை. 2018-இல் கார்ஸ்டன் ஹோலர், முற்றத்துக்குள் 20 மீட்டர் உயரத்திலிருந்து சறுக்குமரம் இறக்கினார். சிலரைக் கையில் ஓர் அவரைச் செடியோடு சறுக்கச் சொன்னார்கள், மனிதரின் பயமும் குதூகலமும் செடிக்குத் தெரிகிறதா என்று பார்க்க. 2021-இல் ஜேஆர் என்ற பிரெஞ்சுக்காரர், கொள்ளைநோயில் மூடிக்கிடந்த மாளிகையின் முகப்பு பிளந்து உள்ளே தெரிவதுபோல் பெரிய படம் ஒட்டினார். உள்ளே யாரும் போகமுடியாத நாட்களில் தெருவில் நின்றவருக்கு உள்ளே தெரிந்தது.

மார்ச் 21

அவரைச் செடிக்குத் தெரிந்ததா என்று ஆறு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஸ்ட்ரோட்ஸி குடும்பத்தின் மூன்று தலைமுறை சாவுக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஏப்ரல் 6

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, "எல்லாம் சரி, பொறாமையா இல்லையா, ஒரே சொல்லில் சொல்லுங்கள்" என்கிறார்.

ஒரே சொல்லில் வரவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டாம் முறை போனபோது மழை, புதுச் செருப்பு குதிகாலைக் கடித்துவிட்டது. மாளிகைச் சுவரோடு ஒட்டி வெளியே கல் திண்ணை ஓடுகிறது. தெருத்திண்ணைதான், வேறு சொல் தேவையில்லை. மேலே கொடுங்கை இருந்த பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன். நனையவில்லை. பக்கத்தில் ஒரு கிழவி காய்கறிப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் ரொட்டி தின்றார்கள். இருபது நிமிடம் யாரும் யாரையும் எழுப்பவில்லை. ஊருக்குள் வரக்கூடாது என்று விரட்டப்பட்டவர், வீடு கட்டும்போது வெளியே யார் வேண்டுமானாலும் உட்காரத் திண்ணை வைத்திருக்கிறார். அப்போதைய பெரிய வீடுகளில் அது வழக்கம், மெடிச்சி வீட்டிலும் உண்டு, தெரியும். இருந்தாலும் குதிகால் வலியோடு உட்கார்ந்தவனுக்கு வழக்கம் என்று சொல்லி நகர மனம் வரவில்லை.

அன்று யோசித்தது குவார்னியெரியைப் பற்றி. ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்றானே, அந்த நாலு வயதுப் பையன். வீடு முடிந்த ஆண்டில் உயிரோடு இருந்திருந்தால் 53 வயது. ரோஜா மக்கியிருக்கும். காசு மட்டும் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே எங்கோ கிடக்க வேண்டும்.